பதினாறு மில்லிமீற்றர்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பார்கள். கனகசபாபதி ஒரு பொய்யும் சொல்லாமலே ஒரு கல்யாணத்தைக் குழப்பினார். அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து மறு வருஷம் அது. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய ஒழுங்கையில், யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஐந்து பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து இருந்தார்கள். வயதிலும் உத்தியோகத்திலும் மூத்தவர் கனகசபாபதி. கறிக்கு எவ்வளவு உப்பு என்பதிலிருந்து, காலையில் யார் முதலில் குளிப்பது என்பது வரை அவர் வைத்ததுதான் சட்டம். எல்லாருக்கும் இளையவன் தில்லைநாதன். அவனுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் பேசி, சாதகமும் பொருந்தியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தில்லைநாதனின் கந்தோரில் ஒருவர் இரத்தமாய்த் துப்பி ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட வேலை செய்த அத்தனை பேருக்கும் காசநோய்க் கிருமி உண்டா என்று முன்கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் தில்லைநாதனின் கை தடித்திருந்தது.

"எக்ஸ்ரேயும் எடுத்தவை அண்ணை. நெஞ்சு சுத்தமாம். கை தடிச்சா நோய் வருத்தம் எண்டு அர்த்தமில்லையாம்" என்றான் அவன்.

யார் கேட்டது? கசம் என்ற சொல்லை வாயால் சொல்லவே பயந்த மனிதர் கனகசபாபதி. அன்றைக்கே அவன் பாயைப் பின்விறாந்தைக்கு மாற்றினார். சாப்பிட ஒரு தனிக் கோப்பையும் கொடுத்தார்.

நம்முடைய ஆட்கள் விசாரிக்காமல் பெண் கொடுக்க மாட்டார்கள். கொழும்பில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை என்றால், அவனோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடம்தான் விசாரணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தாய்மாமன் குடையும் கையுமாக வந்து கனகசபாபதிக்கு முன்னால் உட்கார்ந்தார். தன்னுடைய ஒரு சொல்லுக்காக ஒரு பெரிய மனிதர் காத்திருக்கிறார் என்பதில் கனகசபாபதிக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

"தங்கமான பொடியன். குடி, வெறி ஒண்டும் இல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கையிலை ஏதோ ஊசி போட்டுப் பாத்தவை. தடிச்சது. அதுக்கு மேலை என்னைக் கேளாதேங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

சொல்லாமல் சொன்னது போதாதா? மாமன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அடுத்த கிழமை சம்பந்தம் முறிந்தது. அதற்கடுத்த கிழமை தில்லைநாதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெமட்டகொடையில் ஓர் அறைக்குப் போனான். கனகசபாபதி பின்விறாந்தையைக் கழுவுவித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்று மாதம் கழித்து அவருடைய கந்தோருக்கும் ஊசி வந்தது. கொதித்தாறிய தண்ணீர் மட்டுமே குடிக்கிற உடம்பு தன்னுடையது என்று தைரியமாகக் கையை நீட்டினார். மறுநாள் அரித்தது, நுளம்புக்கடி என்றார். மூன்றாம் நாள் காலையில், அந்த வெக்கையிலும், சேர்ட் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு போனார்.

நேர்ஸ் டோரின் பறங்கிப் பெண். அவருடைய கையை விரலால் தடவி, தடிப்பின் ஓரம் எங்கே முடிகிறது என்று தேடி, இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டாள்.

"சிவப்பு எங்களுக்குத் தேவையில்ல மிஸ்டர். கட்டியா இருக்கே, அதுதான் கணக்கு" என்று அளவுகோலை வைத்தாள். "பதினாறு மில்லிமீற்றர்."

"நான் சாகப்போறனோ?"

டோரின் சிரித்தாள். "இந்த டவுன்ல வளர்ந்த ஆக்கள்ல கனபேருக்குத் தடிக்கும். கிருமி எப்பவோ உள்ளே வந்திருக்கு, உடம்பு அதை மறக்கல்ல. வருத்தம் இருக்கா இல்லையா எண்டு இந்தக் கை சொல்லாது. அதுக்குத்தான் எக்ஸ்ரே. சில வீட்டில இதுக்கே ஆளை ஒதுக்கி வைக்கிறாங்க, பைத்தியக்காரங்க."

எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. பயம் போன இடத்தில் வெட்கம் வந்து குந்திக்கொண்டது. இதே சொற்களைத்தானே தில்லைநாதனும் சொன்னான்? பயத்தில் காது அடைத்துவிட்டது என்றாவது தன்னை மன்னித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். ஆனால் மாமனுக்கு முன்னால் குரலைத் தாழ்த்தியபோது நாக்கில் ஒரு ருசி ஊறியதே, அதற்கு என்ன சாட்டுச் சொல்வது? மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெமட்டகொடைக்குப் போனார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை. தில்லைநாதன் அறையிலிருந்த ஒரே கதிரையை அவருக்குக் கொடுத்தான். அவர் மழையைப் பற்றிக் கதைத்தார், கந்தோர் இடமாற்றங்களைப் பற்றிக் கதைத்தார். கடைசியில் சேர்ட் கையைச் சுருட்டிக் காட்டினார்.

தில்லைநாதன் பார்த்தான். "எக்ஸ்ரே எடுத்தாச்சோ?"

"ஓம். சுத்தமாம்."

"பேந்தென்ன பயம்? ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ அண்ணை. சனத்துக்கு விளங்காது. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

"உன்ரை மனம் ஆருக்கு வரும் தம்பி" என்றார். அவ்வளவுதான் வெளியே வந்தது. கையை மூடிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

அவர் வாசலைத் தாண்டும்போது தில்லைநாதன் சொன்னான். "மாமனுக்கு ஆர் சொன்னதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்களாச் சொல்லுவியள் எண்டு இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டிருந்தனான்."

நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது கனகசபாபதிக்கு. "தம்பி, நான்..."

"எனக்கு மன்னிப்பு வேண்டாம் அண்ணை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு இடமும் சரிவரேல்லை. மாமன் இப்ப வீட்டிலைதான் நிப்பார். அங்கை போய் அந்தக் கையைக் காட்டுங்கோ."

திங்கட்கிழமை விடிவதற்குள் அந்தக் கதை வெள்ளவத்தை முழுக்கப் பரவிவிடும் என்பது கனகசபாபதிக்குத் தெரியாதா? கதை எப்படிப் பரவும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனாலும் போனார். பஸ்ஸில் ஏறி நாலு பேரை ஏறெடுத்துப் பார்க்க முகமில்லாமல், கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போனார்.