பட்டியலில் இல்லாத படிப்பு

அண்ணன் அனுப்பிய பட்டியலில் பதினோரு படிப்புகள் இருந்தன. பைத்தான், கிளவுட், செயற்கை நுண்ணறிவு என்று எல்லாமே கேட்டவுடன் கை தட்டத் தோன்றும் பெயர்கள். அண்ணன் பெரிய மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். அவன் வாய் திறந்தால் குடும்பமே தலையாட்டும்.

தங்கை மட்டும் ஆட்டவில்லை. ஒன்பது வருஷம் உதிரிபாகக் கிடங்கின் ஆபீஸில் எக்செல்லோடு மாரடித்தவள், வேலையை உதறிவிட்டு, சொந்தமாகப் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன் என்று கிளம்பியிருந்தாள். அதற்கு அவள் கற்றுக்கொண்டது எக்செல்லுக்குள்ளேயே எழுதும் குட்டிப் புரோகிராமான மேக்ரோ. பதினொன்றில் அது இல்லவே இல்லை.

"அது செத்துப்போன சரக்கு. வெளியில சொன்னா சிரிப்பாங்க," என்றான் அண்ணன் போனில்.

"சிரிக்கட்டும். பாதி ஆபீஸ் இன்னமும் அதுலதான் ஓடுது."

"எங்க கம்பெனி பயிற்சி வகுப்புல உன் பேரைக் கொடுத்துட்டேன். திங்கக்கிழமை வந்துடு. முடிச்சா வேலை நிச்சயம். வரலைன்னா, அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

மூன்று மாதமாக ஒரு வாடிக்கையாளர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இந்த வகுப்பையும் விட்டால் மறுபடி கிடங்குதான். ஆனால் 'பேரைக் கொடுத்துட்டேன்' என்றானே, அதில்தான் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காமல் கொடுப்பதற்கு அது என்ன அவன் பேரா?

வெள்ளிக்கிழமை ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய விளம்பரத்தைப் பார்த்தார்களாம். அங்கே புதிதாக வாங்கிய புரோகிராம், ரத்தான ஆர்டர்களையெல்லாம் சமர்த்தாக வண்டியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்ன ஆஸ்பத்திரி வாசலிலேயே இருபது சக்கர நாற்காலிகள் போய் இறங்கியிருந்தன. புரோகிராமை எழுதிய நிபுணர்கள் இரண்டு பேரும் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, அதில் தப்பே இல்லை என்று சாதித்தார்கள். உண்மையிலேயே இல்லை.

அவள் புரோகிராமைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. ஆர்டர் எழுதும் கண்ணாடிக்கார அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது. யாரோ ஆர்டரை ரத்து செய்தார்கள். அக்கா எக்செல்லில் அந்த வரிசை முழுவதையும் சிவப்பாக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

"ரத்துன்னு எங்கயும் எழுத மாட்டீங்களாக்கா?"

"எதுக்கு எழுதணும்? அதான் சிவப்பு இருக்கே. பார்த்தாலே தெரியலையா?"

பார்ப்பவருக்குத் தெரியும். புரோகிராமோ அந்த எக்செல்லிலிருந்து எழுத்தையும் எண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறது. படித்த மேதைகளுக்கு இது தோன்றாது. ஒன்பது வருஷம் கிடங்கின் எக்செல்லில் இதே மாதிரி வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் பூசியவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. சிவப்பு வரிசைகளைத் தேடி, ஒவ்வொன்றிலும் 'ரத்து' என்று எழுதி, அதன் பிறகே புரோகிராமிடம் கொடுக்கும் மேக்ரோ ஒன்றை மதியத்துக்குள் எழுதி முடித்தாள். சாயங்கால வண்டி சரியான சரக்கோடு கிளம்பியது.

"இன்னும் ரெண்டு கிளையிலயும் இதே கூத்துதாம்மா. செஞ்சு தர்றீங்களா?" என்றார் கம்பெனி மேனேஜர்.

வெளியே வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏதோ உன் அதிர்ஷ்டம்," என்றான் அவன். "அந்த ரெண்டு கிளையும் முடிஞ்சா? அப்புறம் யாருமே கூப்பிடலைன்னா?"

"கூப்பிடாமலும் போகலாம். அப்பவும் என்ன படிக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். அந்த வகுப்புலேருந்து என் பேரை எடுத்துடு அண்ணா."

"வீட்டுக்குப் போய் நிதானமா யோசி. திங்கக்கிழமை பேசலாம்."

"இப்பவே எடு. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அது முடியும்வரை அவள் போனை வைக்கவில்லை.