தம்பியின் கத்தரிக்கோல்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் தற்பெருமை. மறைப்பானேன்? என் மகள் டாக்டர். காலரா வார்டில் அவள் செய்ததை ஊருக்கெல்லாம் சொல்ல எனக்கு வாய் நமநமக்கிறது. கதை என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

முதல் தொடக்கம்: மரணம் வாசலில் வந்து நின்று...

(அடித்துவிட்டேன். அவள் வார்டு வாசலுக்கு வந்தது என் தம்பி. அவனால் நிற்கவும் முடியவில்லை, தூக்கித்தான் வந்தார்கள்.)

2

தம்பிக்கு மருந்துக்கடை. வயிற்றுப்போக்கு என்று யார் வந்தாலும் டாக்டர் சீட்டு கேட்காமல், கத்தரிக்கோலை எடுத்து அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுப்பான். தனக்கு வந்தபோதும் அதையேதான் விழுங்கினான். போக்கு நின்றபாடில்லை. கண் குழிந்து, நாடி பிடிபடாமல் வந்து சேர்ந்தான்.

(இவனை வில்லனாக்கலாமா? இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவனே, "எல்லாக் கடையிலயும் கத்தரிக்கோல் இருக்குக்கா" என்றான். நியாயம்தான்.)

3

இங்கே மகள் ஓடி வந்து ஓர் ஊசி போட, தம்பி கண் திறந்தான் என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு கையிலும் சலைன் ஏற்றி, உடம்பிலிருந்து போன தண்ணீரைத் திருப்பிக் கொடுத்ததுதான் முதல் வைத்தியமாம். மருந்து அதற்குத் துணையாம். வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு நான் எப்படி உச்சக்கட்டம் எழுதுவது?

தெம்பு வந்ததும் தம்பி தன் கடை மாத்திரையையே கேட்டு அடம்பிடித்தான். அது இந்தக் கிருமியிடம் பலிக்காது என்று முந்தைய நோயாளிகளின் பரிசோதனையிலேயே தெரிந்திருந்தது. வார்டே கேட்க அவள் சொன்னாள்:

"மாமா, நீங்க எல்லாரும் ரெண்டு ரெண்டா வெட்டிக் குடுத்து, சாகாம தப்பிச்ச கிருமிக்கு அது பழகிப்போச்சு. வேலை செய்யற மருந்து இன்னும் ஒண்ணுதான் மிச்சம். உங்களுக்கு அதைத்தான் தரப்போறேன். அதையும் வெட்டி வித்துடாதீங்க."

பெரியவர்களை எதிர்த்துப் பேசாத பிள்ளை. என் நெஞ்சு நிமிர்ந்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரரிடம் மெல்லச் சொன்னான்: "என் அக்கா பொண்ணு."

4

ஒரு முடிவு: அவன் கத்தரிக்கோலைத் தூக்கி எறிகிறான். (பொய். பார்சல் பிரிக்க அது வேண்டும்.)

இன்னொன்று: பழையபடி அவன்... உடன்பிறந்தவனைப் பற்றி அப்படி எழுத மனம் வரவில்லை.

நடந்தது இது. குணமாகிக் கடை திறந்ததும் ஒருவர் வந்து வயிற்றுப்போக்குக்கு இரண்டு மாத்திரை கேட்டார். தம்பி உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எடுத்து வைத்து, ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னான். அவர் பக்கத்துக் கடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் கத்தரிக்கோல் இருக்கிறது.

அவர் முகத்தை வர்ணிக்கப் பார்த்தேன், வரவில்லை. அதனால் அவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். பொட்டலம் மேசைமேல் இருக்கிறது. என் தம்பி மாத்திரை தரமாட்டான். மீதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.