மிஸ்கலின் விளக்கக் கடிதம்

வெளியாட்கள் வந்து பார்க்கும் திறந்த வகுப்பு என்றால் ஒரு வாரம் ஒத்திகை. அந்தப் பள்ளியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விருந்தாளிகள் கேட்கப்போகும் கேள்விகள் முன்கூட்டியே சீட்டில் எழுதி அவர்கள் கைக்குப் போய்விடும். பதில்கள் பிள்ளைகள் வாயில் ஏறிவிடும். தெரிந்தவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு, எப்படியோ எல்லாக் கையும் மேலே இருக்கட்டும் என்பது வரை ஏற்பாடு. இயற்பியல் நடத்தும் சாய்கல் மட்டும் ஒத்திகை வேண்டாம் என்று சொன்னாள். உண்மையான பாடத்துக்கு எதற்கு ஒத்திகை என்று கேட்டாள். வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் அவளுக்குப் புத்தி வரவில்லை.

இலையுதிர் காலத்தில் பள்ளிக்குப் பதினைந்து டேப்லெட்டுகளும், காற்றில் எவ்வளவு புகைத்தூசி இருக்கிறது என்று அளக்கும் ஒரு வெள்ளைப் பெட்டியும் வந்திருந்தன. உடைந்தால் யார் தலையில் விழுமோ என்று மற்ற ஆசிரியைகள் டேப்லெட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாய்கல் தன் எட்டாம் வகுப்புக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"புஸ்தகத்துல இருக்கிற காத்து வேணாம். நீங்க மூச்சு விடுற காத்தை அளங்க. நம்பரு மட்டும் பத்தாது, அந்த நேரத்துல கண்ணால என்ன பாத்தீங்களோ அதையும் பக்கத்துலயே எழுதுங்க" என்றாள்.

அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் மிஸ்கல். அவள் அப்பா கல்மத், பள்ளியைச் சூடாக்கும் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். அம்மா மாஸ்கோவில் ஏதோ கிடங்கில் வேலை செய்கிறாள். அப்பாவும் மகளும் குடியிருந்தது கொதிகலன் அறையை ஒட்டிய இரண்டு சின்ன அறைகளில். மற்ற பிள்ளைகள் எட்டு மணிக்கு வந்து அளந்தால், இவள் முதல்நாள் சாயங்காலமே பெட்டியை வீட்டுக்கு வாங்கிப் போய் காலை ஆறு மணிக்கே அளந்தாள். பத்தொன்பது நாள், ஒரு நாள் விடாமல். "ஆறு மணி. அப்பா கொதிகலனைப் பற்றவைத்தார். எண் முந்நூறைத் தாண்டியது. முற்றத்தில் கொட்டியிருப்பது கரி இல்லை, கரித்தூளும் மண்ணும்." தினமும் இப்படி.

"இதைப் பாத்தா நல்ல கரி அனுப்புவாங்கல்ல, அக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். அங்கே ஆசிரியைகள் எல்லோரும் பிள்ளைகளுக்கு அக்காதான். "அப்பா ரொம்ப இருமுறாரு. கைக்குட்டை எல்லாம் கறுப்பாயிருது."

"அனுப்பாம எங்க போவாங்க? கண்ணு முன்னால நம்பரு இருக்கே" என்றாள் சாய்கல். அதை அவளும் மனதார நம்பினாள். அதுதான் கொடுமை.

திறந்த வகுப்பு அன்று விருந்தாளிகள் வந்தார்கள். போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகளும் ஜாமும் தேநீரும் மேசையில் நிறைந்திருந்தன. மிஸ்கல் திரைக்குப் பக்கத்தில் நின்று தன் வரைபடத்தை விளக்கினாள். காலை ஆறு மணிக்குக் கோடு எப்படிக் செங்குத்தாக எழும்புகிறது என்று குச்சியால் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஷர்ஷேனோவ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே வந்தார்.

"நல்லா பண்ணியிருக்கியே கண்ணு. ஆறு மணிக்கு அதைப் பத்தவைக்கிறது யாரு?"

ஒத்திகை நடந்திருந்தால் அந்தக் கேள்வி வந்தே இருக்காது. வந்திருந்தாலும் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கும். மிஸ்கல் தலையை நிமிர்த்தி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எங்க அப்பா!"

ஷர்ஷேனோவ் சிரித்தபடி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

நான்காம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. கொதிகலன் தொழிலாளியின் கவனக்குறைவால் பள்ளியில் புகை; மாணவர்களின் பதிவுகளே அதற்குச் சான்று; அவரை வேலையிலிருந்து நீக்கி, குடியிருப்பையும் காலி செய்ய வைக்கவும். ஜனவரி மாதம், வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. கரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காகிதத்தில் அது முதல் தரக் கரி.

சாய்கல் தலைமை ஆசிரியை புருல்சுன் அறைக்கு ஓடினாள்.

"அக்கா, தப்பு கரியில இருக்கு. நீங்களே பாத்திருக்கீங்க!"

"பாத்திருக்கேன். கரி வாங்குன காகிதத்துல கையெழுத்தும் போட்டிருக்கேன். எனக்கு மேல மூணு பேரு போட்டிருக்காங்க. அவங்க பேரு எல்லாம் வெளிய வரட்டுங்கிறியா?"

"நான் ஊரறிய எழுதிப் போடுவேன்."

"தாராளமா போடு. நீ போடுற அன்னிக்கே கல்மத்தோட சட்டிபானை பனியில கிடக்கும். அந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு இருக்கிறவனுக்கு வேற எவன் வேலை குடுப்பான்?" புருல்சுன் குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணும் ராட்சசி இல்லடி. ஒரே வழிதான் இருக்கு. அளந்ததே தப்புன்னு ஒரு விளக்கக் கடிதம் வரட்டும். அளவு தப்புன்னா புகையும் இல்ல, குத்தமும் இல்ல."

"நான் எழுத மாட்டேன்."

"உன்னை யாரு கேட்டா? அளந்தவ எழுதணும்."

அந்த ஊரில் எதற்கும் விளக்கக் கடிதம்தான். தாமதமாக வந்தால், கண்ணாடி உடைந்தால், மாடு பள்ளித் தோட்டத்தில் மேய்ந்தால், யார் செய்தாரோ அவர் தன் கையால் எழுதித் தர வேண்டும். எழுதிவிட்டால் விவகாரம் கோப்புக்குள் போய்த் தூங்கிவிடும்.

மறுநாள் பள்ளி விட்டதும் மிஸ்கல் தானாகவே சாய்கலிடம் வந்தாள். புருல்சுன் அவளிடம் பேசியிருந்தாள். கையில் நோட்டிலிருந்து கிழித்த தாள். "நான் பெட்டியை விளையாட்டாகத் தேநீர்க் கெண்டி ஆவியில் காட்டினேன். எண்கள் எல்லாம் பொய்."

கிழித்துப் போடத்தான் சாய்கல் அதைக் கையில் வாங்கினாள். ஆனால் பாழாய்ப்போன கண் பிழையில்தான் போய் நின்றது.

"பத்தொன்பது நாளும் சரியா ஆறு மணிக்கு யாருடி கெண்டியைக் காட்டிக்கிட்டு இருப்பா? இதை எவன் நம்புவான்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் மிஸ்கல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப சமையல் அடுப்புக்குள்ள நீட்டுனேன்னு எழுதவா? அப்பா கொதிகலனுக்குப் போனதும்தான் நான் அடுப்பு மூட்டுவேன். அவருக்குத் தெரியாது."

"எட்டு மணிக்கு எண்ணு இறங்குதே?"

"வகுப்புக்குக் கொண்டு வந்துட்டேன்னு போடுறேன்."

"ஏழாம் தேதி கம்மியா இருக்கு."

"அன்னிக்கு காத்து வேகமா அடிச்சுச்சு, அக்கா. ஆனா அப்படிப் போட்டா புகை வெளியில இருந்து வந்துச்சுன்னு ஆயிரும்." ஒரு நிமிடம் யோசித்தாள். "அன்னிக்கு விறகு ஈரம், அடுப்பு சரியா எரியலைன்னு போட்டா?"

"ஈர விறகுல புகை கூடத்தான் வரும். அன்னிக்கு அடுப்புல நீட்ட மறந்துட்டேன்னு போடு."

"ஏன் செஞ்சேன்னு கேப்பாங்களே?"

சாய்கல் சன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "என் கோடு மத்தவங்க கோட்டை விட ஒசரமா வரணும்னு ஆசைப்பட்டேன்னு எழுது."

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, காரணம் சொல்லி, எங்கே இடிக்கிறது என்று பார்த்து, மறுபடி சரி செய்தார்கள். அந்த வருடம் அவள் நடத்திய பாடங்களில் அந்தப் பெண் இவ்வளவு கூர்மையாக எதையும் யோசித்ததில்லை. நடுவில் ஒருமுறை சாய்கல், "பரவாயில்லையே, நல்லா கண்டுபிடிச்சே" என்று பழக்கதோஷத்தில் பாராட்டியும் தொலைத்தாள்.

திங்கட்கிழமை முற்றத்தில் வரிசை கட்டி நின்ற பள்ளியின் முன்னால் புருல்சுன் கடிதத்தை உரக்கப் படித்தாள். மிஸ்கல் தனியாக எதிரே நின்றாள். "அடுப்பு விஞ்ஞானி!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். தலைக்கு மேலே புகைபோக்கி எப்போதும்போலக் கக்கிக்கொண்டிருந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் இருமினார்கள்.

மதியம் கல்மத் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். மிஸ்கல் அவருக்குப் பின்னால் நின்றாள். ஒரு கன்னம் சிவந்து வீங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்க டீச்சர். தாய் பக்கத்துல இல்லாம வளருது. ஆனா பொய் சொல்ல நான் பழக்கல. உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துருச்சு."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மிஸ்கல் சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இந்த இருமல் கரிப் புகையாலதான்னு இவ நம்பரைக் காட்டிக் காட்டி பயமுறுத்திட்டா. அதை நம்பி மூக்குல ஈரத்துணி கட்டிக்கிட்டு வேலை பாத்தேன், மூச்சு முட்ட முட்ட." கல்மத் வெட்கத்தோடு சிரித்தார், சிரிப்பு இருமலாகி அவரைக் குனிய வைத்தது. நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் விளையாட்டுன்னு இப்பத்தானே தெரியுது. இன்னிலேருந்து அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுட்டேன், டீச்சர்."

மிஸ்கல் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு ஆசிரியையின் முகத்தையே பார்த்தாள்.

"சரிங்க அண்ணே" என்றாள் சாய்கல்.