ஹாஜரா, முதல் பந்தி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நாக்கில் பிறந்தது. இலக்கியம், சமூக சீர்திருத்தம் என்று வழியில் ஏதாவது தட்டுப்பட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. எனக்கு ஐஸ்கிரீம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம். மதுரையில் சீனிக்கு ரேஷன், காகிதத்துக்குப் பஞ்சம். சீனி இல்லாததால் தின்ன முடியாமல் எழுதுகிறேன். காகிதம் இல்லாததால் பிடிக்காத வரியைக் கிழித்துப் போடவும் முடியாமல் அப்படியே விடுகிறேன். பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போய்விடுங்கள்.

போன மாதம் பழைய பாத்திரக் கடையில் ஒரு பித்தளைத் தூக்கு கண்ணில் பட்டது. இரண்டு படி பால் பிடிக்கும், உள்ளே ஈயம் பூசியது. "இது ஐஸ்கிரீம் போட்ட தூக்குண்ணே" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கி வந்தேன். புளி போட்டுத் தேய்த்ததும் (தேய்த்தது என் மனைவி ராதாமணி, நான் பக்கத்தில் நின்றேன்) கழுத்தில் உளியால் வெட்டிய எழுத்து தெரிந்தது.

ஹாஜரா. முதல் பந்தி. 193

கடைசி எண் இருக்க வேண்டிய இடம் நசுங்கிவிட்டது. பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள், ஊர் வெட்டுவார்கள், சீர் கொடுத்தவர் பெயரை வெட்டுவார்கள். பந்தியை வெட்டி நான் பார்த்ததில்லை.

"இதென்ன முதல் பந்தி?" என்றேன்.

ராதாமணி தூக்கைத் திருப்பிப் பார்த்தாள். "இதுகூடத் தெரியலையா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.*

* நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர பாஷை. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். காரம் பாதி குறைந்துவிட்டது.

2

தொடக்கங்கள்:

"வைகையில் வெள்ளம் இரு கரையும் தொட்டு" — ஐஸ்கிரீம் கதையில் வைகைக்கு என்ன வேலை?

"நிலவைப் பழிக்கும் முகத்தாள் ஹாஜரா" — சீச்சீ.

"ஹாஜராவுக்குக் கோபம்." ஆங், இது நடக்கும்.

ஹாஜராவுக்குக் கோபம். வயது இருபத்திரண்டு. புருஷன் அப்துல் லத்தீப் பாத்திரக் கடை வைத்திருக்கிறான், வாங்குகிற பாத்திரத்துக்குத் தானே உட்கார்ந்து பெயரும் வெட்டிக் கொடுப்பான். வருஷம் 1936 என்று வைத்துக்கொள்கிறேன், நசுங்கிய எண்ணை யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அந்த வருஷம் சொந்தத்தில் ஒரு பணக்கார வீட்டுக் கல்யாணம். பிரியாணிக்குப் பிறகு ஐஸ்கிரீம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆண்கள் பந்தி முதலில் உட்கார்ந்தது. தின்றார்கள், மறுபடி கேட்டார்கள், தின்றார்கள். பெண்கள் பந்திக்கு வந்தது ஒரு குவளையில் வெள்ளையாகத் தண்ணீர். ஹாஜரா ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் குளிர்ச்சி மிச்சம் இருந்தது. குடித்ததும் அது முன்பு என்னவாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்தது பாருங்கள் கோபம்!

வீடு திரும்பும்போது குதிரை வண்டியில் லத்தீப் சப்புக்கொட்டினான்.

"மூணு கிண்ணம் புள்ள. வாயில வச்சா இருக்கு, இல்லங்குது."

"எங்களுக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே இல்லங்குது, மச்சான்."

அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். என் வீட்டில் என் கையால் செய்வேன். உருகாமல் தின்பேன்.

3

பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, சீனி, அரைத்த பாதாம், ஏலம் போட்டு ஆறவைத்தாள். மீன் கூடைகளுக்கு ஐஸ் ஏற்றி வருகிற வண்டிக்காரன் மொக்கையனிடம் லத்தீப் ஒரு கட்டி வாங்கி, மரத்தூளும் சாக்குமாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். பெரிய அண்டாவில் ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் தூக்கை வைத்து இரண்டு மணி நேரம் திருகினாள். திறந்தால் குளிர்ந்த பால். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் மொக்கையன் விழுந்து விழுந்து சிரித்தான். "உப்புப் போட்டீகளாண்ணே? உப்பில்லாத ஐஸு எதுக்காகும்? கல்லுப்ப அள்ளிக் கொட்டுங்க. வெரல வச்சா வெரலே வெறச்சுப் போகும்!"

அள்ளிக் கொட்டினார்கள். பால் ஓரத்தில் கட்டத் தொடங்கியது. ஆனால் மூடி இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. மாமியார் மைதீன் பீவி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார்.

"யா அல்லா! காச்சக்காரனுக்குக் குடு, எந்திரிச்சு ஓடிருவான்."

ஹாஜரா அழுதாள். (அழுகை எனக்கு எழுத வராது, அழுதாள் என்பதோடு விடுகிறேன்.) கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரியாணிச் சட்டியைக் கழுவ உட்கார்ந்தாள். சட்டி விளிம்பில் காய்ந்த கோதுமை மாவு. தம் போடும்போது ஆவி போகாமல் மூடியைச் சுற்றி ஒட்டுகிற மாவு. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

"மச்சான்! ஆவி வெளிய போகாதுன்னா, உப்புத் தண்ணி மட்டும் உள்ள வந்துருமா?"

இதுதான் இந்தக் கதையின் மூளை. என் மூளை இல்லை, அவளுடையது.*

* "இது குல்பியாச்சே" என்று முணுமுணுக்கும் வாசகருக்கு: உங்கள் வீட்டில் நீங்கள் குல்பி என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஹாஜரா ஐஸ்கிரீம் என்கிறாள். தூக்கு அவளுடையது.

4

லத்தீபின் தங்கை மெஹருன்னிசாவுக்கு நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை வீடு சோழவந்தான். மாப்பிள்ளையின் பெரியத்தா (பெரியப்பா) பக்கீர் முகமது வெற்றிலைக் கொடிக்கால்காரர், நிமிர்ந்து உட்கார்ந்தாரென்றால் வீடே அடங்கிவிடும். அந்த விருந்துக்குத்தான் ஹாஜரா மூன்றாவது தடவை தூக்கை நிரப்பினாள். மூடியைச் சுற்றி மாவை ஒட்டினாள். இனி நடுவில் திறந்து பார்க்க முடியாது. உள்ளே இருப்பது பாலா ஐஸ்கிரீமா என்பது எல்லோர் கண்முன்னும்தான் தெரியும்.

மூன்று மணி நேரம் அவளும் மெஹருன்னிசாவும் மாறி மாறித் திருகினார்கள்.

"மதினி, என் கை எங்க இருக்குன்னே தெரியல."

"மாப்பிள்ள வீட்டுக்காரக கையப் பாக்க மாட்டாக. திருகு."

முன்கூடத்தில் ஆண்கள் பந்தி உட்கார்ந்துவிட்டது. பிரியாணி போய்விட்டது. மைதீன் பீவி பின்கட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, அதத் தெறந்து ஆம்பளைக பந்திக்கு அனுப்பு. மிச்சத்த நாம பாத்துக்கலாம்."

ஹாஜரா தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, இது காத்திருக்காது. மொதப் பந்தி தின்னும். ரெண்டாம் பந்தி குடிக்கும்."

5

இங்கே என் பென்சில் நின்றுவிட்டது. மருமகள் அப்படிச் சொன்னால் மாமியார் என்ன செய்வார்? மூன்று வழி தோன்றுகிறது.

அ. ஹாஜரா தலைகுனிந்து அனுப்பிவிடுகிறாள். ஆண்கள் தின்று புகழ்கிறார்கள். குடும்ப விளக்கு என்று பெயர் எடு

ஆ. திறந்தால் பால். எல்லோரும் சிரி

இ.

(அ)வைப் படித்துவிட்டு ராதாமணி அந்தத் தாளை எடுத்து இட்லித் தட்டுக்கு அடியில் வைத்தாள். (ஆ)வைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "அவ அம்புட்டு நேரம் திருகியிருக்கா. உங்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?"

இருக்கிறது. அதனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் நான் சொன்னது முழு உண்மை இல்லை. கதை தூக்கில் பிறக்கவில்லை, என் நாக்கிலும் பிறக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் போட்டார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று கிண்ணம் தின்றவன் அப்துல் லத்தீப் இல்லை, துளசிராம் ஆகிய நான். வண்டியில் வரும்போது சப்புக்கொட்டியவனும் நானே. அப்போது ராதாமணி சொன்னது ஒரே வரி.

"எங்களுக்கு வந்ததைப் பாயசம்னு நெனச்சேன்."

நான் சிரித்தேன். நல்ல வேடிக்கை என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். அவள் கோபத்தை எடுத்துத்தான் ஹாஜராவுக்குக் கொடுத்திருக்கிறேன், கேட்காமலே. தூக்கின் எழுத்து எனக்கு விளங்காமல் அவளுக்குப் பார்த்ததும் விளங்கியது ஏன் என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடேயே (இ)யை எழுதுகிறேன்.

6

மைதீன் பீவி மருமகளைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். முன்கூடத்துப் பக்கம் பார்த்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நாப்பது வருசம். சுடச்சுடத் திங்க வேண்டியது எனக்கு ஆறித்தான் வந்துச்சு. சில்லுன்னு திங்க வேண்டியதாச்சும் சில்லுன்னு வரட்டும். பிஸ்மில்லா சொல்லி மாவ ஒட."

ஹாஜரா கரண்டிக் காம்பால் மாவைத் தட்டினாள். மூடி வரவில்லை. மெஹருன்னிசா தூக்கைப் பிடித்துக்கொள்ள, மறுபடி தட்டினாள். வந்தது.

கரண்டி இறங்கவில்லை. அழுத்திக் குத்திவிட்டுக் கையை எடுத்தாள். அசையவில்லை. நின்றது, ஐயா, நின்றது! பாதாம் நிறத்தில், மேலே மெல்லிய பனிப் புகையோடு, கரண்டி செங்குத்தாக நின்றது!

"மாஷா அல்லா!" என்று பின்கட்டில் எழுந்த கூச்சல் முன்கூடம் வரை போனது. முதல் கரண்டி மைதீன் பீவிக்கு. கிழவி கண்ணை இறுக மூடிக்கொண்டார். பல் கூசியது, முகம் கோணியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை, இன்னொரு கரண்டிக்குக் கையை மட்டும் நீட்டினார். சோழவந்தான் பெண்கள் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் வைத்த பிறகு ஹாஜரா தன் பங்கை வாயில் வைத்தாள்.

[அந்தச் சுவை: பத்து வரி எழுதி அடித்துவிட்டேன். எல்லாம் நான் தின்ற மூன்று கிண்ணத்தின் சுவை. அவள் தின்றது அது இல்லை.]

முன்கூடத்தில் பக்கீர் முகமது தொண்டையைக் கனைத்தார். "என்னமோ ஐஸ்கிரீம்னாகளே, லத்தீபு?"

லத்தீப் எழுந்து உள்வாசல் வரை வந்தான். ஹாஜராவின் முகத்தைப் பார்த்தான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் பார்த்ததில்லை. திரும்பிப் போனான். சம்பந்தம் முறிந்தாலும் முறியும் என்று தெரிந்தே சொன்னான்.

"இன்னிக்குப் பொம்பளைக மொதப் பந்தி, மாமு. மிச்சம் இருந்தா வரும்."

பக்கீர் முகமது நிமிர்ந்து உட்கார்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப வெத்தலையப் போடுவோம்" என்றார்.

அரை மணி கழித்து மிச்சம் குவளைகளில் வந்தது. பெரியவர் அண்ணாந்து குடித்தார், மீசையைத் துடைத்தார்.

"பாயசம் நல்லாருக்குப்பா."

பின்கட்டில் சிரித்த சிரிப்பில் மெஹருன்னிசாவுக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் லத்தீப் கடைக்கு அந்தத் தூக்கை எடுத்துப் போனான், உளியையும் சுத்தியலையும் எடுத்தான்.

7

முடிவு இதுதான் என்று நினைத்தேன். இல்லை.

ராதாமணி மூன்று வாரமாகக் காப்பிக்குக் கருப்பட்டி போட்டுக் குடித்து வந்திருக்கிறாள். ரேஷன் சீனியில் தன் பங்கை ஒரு டப்பாவில் சேர்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. இன்று காலை ஐஸ் வந்து இறங்கியது. கல்லுப்பு வந்தது. கோதுமை மாவு பிசைந்தாள். நான் திருகினேன். ஆமாம், நான்தான், தோள்பட்டை கழன்றுவிட்டது. கதையில் இதைத் திருகினாள் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேனே, ஹாஜராவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது தூக்கு அவள் முன்னால் இருக்கிறது. மாவை உடைத்துவிட்டாள். மூடி அவள் பக்கம் சாய்ந்திருப்பதால் எனக்கு உள்ளே தெரியவில்லை. நான் வாசற்படியில் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். என் பந்தி அடுத்தது.

"ராதா, கட்டியிருக்கா? ஒரு வார்த்தை சொல்லேன், கதையை முடிக்கணும்."

கரண்டிச் சத்தம் கேட்கிறது. ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

"ராதா!"

"வாய்ல இருக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆகவே வாசகரே, முடிவு என் கையில் இல்லை. அது தூக்கில் இருக்கிறது, தின்றுகொண்டிருப்பவளுக்கு மட்டும் தெரியும். அவசரமென்றால் நீங்களே உள்ளே போய்க் கேளுங்கள். பெண்ணாக இருந்தால் பக்கத்தில் இடம் போடுவாள். ஆணாக இருந்தால் இங்கே வாசற்படியில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். குவளை எடுத்து வைத்திருக்கிறேன்.