பத்தொன்பது நொடி

ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒருவன். அந்தப் பக்கம் சாக்ஸபோன் வாசிப்பவள் இந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளனின் மனைவி, பன்னிரண்டு வருஷத்து மனைவி. அவளோடு வாசிக்கும் கிட்டார்க்காரன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒலிப்பதிவாளனுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

கிட்டார்க்காரன் ஊரில் எல்லோரையும்போல வாசிக்கிற ஆள் இல்லை. கிட்டாரை மேஜையில் மல்லாக்கப் போட்டு, கம்பிகளுக்கு நடுவே பென்சிலைச் செருகி, பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்ப்பான். அவள் பதிலுக்கு ஸ்வரமே இல்லாமல் வெறும் காற்றை ஊதுவாள். எழுதிவைத்தது எதுவும் கிடையாது, ஒத்திகை கிடையாது, ஒருமுறை வாசித்ததை மறுபடி வாசிப்பதும் கிடையாது. "அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்பான். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, "மாமா, ரெடியா?" என்பான். அக்கா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன்மேல் சந்தேகப்படுவது மகா கேவலம் என்று மாமாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வாசிக்கத் தொடங்கிவிட்டால் அங்கே அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு.

மூன்று நாள் பதிவில் ஒன்றே ஒன்றை அவள் எடுத்துக் கொடுத்தாள். "இதுதான் சிடியில வரணும். சத்தம் கூடக்குறைய இருந்தா சரிபண்ணுங்க. வேற எதையும் தொடாதீங்க."

மறுநாள் காலை ஒலிப்பதிவாளன் தனியாக உட்கார்ந்து அதைக் கணினியில் போட்டான். திரையில் நடுவில் ஓரிடத்தில் இரண்டு பேருடைய ஒலிக்கோடும் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. பத்தொன்பது நொடிக்குச் சத்தமே இல்லை. பிறகு இரண்டு கோடும் ஒரே கணத்தில் எழுந்தன. பெரிதாக்கிப் பார்த்தான், இன்னும் பெரிதாக்கினான், ஒரு மயிரிழைகூட முன்னே பின்னே இல்லை. எண்ணாமல், கைகாட்டாமல், இது எப்படி? அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இவன் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் "மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்பவள், எவனோ ஒருவனோடு பேசாமல் இருந்து இவ்வளவு பேசியிருக்கிறாள்!

வெட்டினான். இரண்டு முனையையும் சேர்த்தான். ஒட்டு தெரியவில்லை, தொழிலில் கெட்டிக்காரன்தான், பாவி. மூலப் பதிவையும் கையோடு அழித்துவிட்டுச் சிடி அடிப்பவர்களுக்கு அனுப்பிவைத்தான். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டான்.

சிடி வந்த அன்று சாயங்காலம் மூன்று பேரும் வீட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த இடம் தாண்டியதும் அவள் எழுந்து நிறுத்தினாள்.

"நடுவுல அமைதியா இருந்துச்சே, அது எங்கங்க?"

"அது சும்மா காலியாத்தானே இருந்துச்சு? கேக்கறவங்க சிடி கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. எடுத்துட்டேன்."

"காலியா? அதுக்காகத்தான் நான் இந்தப் பதிவையே எடுத்துக் குடுத்தேன். நீங்க எதையோ தேடி மேஜைக்கு அடியில குனிஞ்சீங்க. கண்ணாடியில உங்களக் காணோம். எனக்கு ஊதவே வரல, நிறுத்திட்டேன்."

கிட்டார்க்காரன் சிரித்தான். "நானும் நிறுத்திட்டேன் மாமா. ரெண்டு பேரும் கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருந்தோம். உங்க தலை மேல வந்துச்சு பாருங்க, அப்பதான் ஆரம்பிச்சோம்."

ஒலிப்பதிவாளனுக்கு முகம் செத்துப்போனது. மூலப் பதிவும் இல்லை என்பதை ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

"அதை இன்னொரு தடவ வாசிச்சுடலாமே?" என்றான்.

அவள் சிடியை எடுத்து உறையில் போட்டாள்.

"அது எப்படிங்க முடியும்?" என்றாள். "இனிமே நீங்க தெரிஞ்சுல்ல குனிவீங்க."