வடம் பிடிக்க ஆள் வேண்டும்

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து எனக்குக் கிடைத்தது. வடசேரிச் சந்தையில் வாழைக்குலை இறக்கும் இடத்துச் சுவர். வருசம் 1955. நான் பாறைமடையில் கல் உடைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வயதில் அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தேன். யாரிடமும் கேட்காமல் நானே முழுசாக வாசித்த முதல் நோட்டீஸ் அது: 'விண்ணில் மிதக்க வாரீர்!'

கூட நின்ற ரசலையன் கேட்டான்: "எந்தக் கட்சிக்காரன் நோட்டீஸுவே?"

"கட்சியில்ல. பறக்கதுக்கு ஆள் கூப்பிடுதான்."

"சம்பளம் உண்டுமா?"

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று தாள் கிழித்தாச்சு.

'ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றானது...' (வேண்டாம். அந்தக் காற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஆள் யாரும் கதைக்குள் நிற்க முடியாது.)

'சத்தியநேசன் ஒரு கனவு கண்...' (அடித்துவிட்டேன். அவருக்கு அந்த மூன்று மாசம் தூக்கமே கிடையாது.)

நேராகவே சொல்கிறேன். சத்தியநேசன் பட்டாளத்தில் விமானம் பழுதுபார்த்தவர். பெங்களூரில் ஒரு சங்கத்தாரிடம் கெஞ்சி ஒரு கிளைடரை மூன்று மாசத் தவணைக்கு லாரியில் கொண்டுவந்தார். எஞ்சின் கிடையாது. நீளமாக ஒரு மரச்சட்டம், மேலே ரெண்டு சிறகு, முன்னால் ஒரு ஆள் உட்காரப் பலகை. சரிவில் நிறுத்தி, தடித்த ரப்பர் கயிற்றின் நடுவை மூக்கில் மாட்டி, ரெண்டு பக்கமும் நாலு நாலு பேர் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கயிறு விறைத்ததும் வாலைப் பிடித்திருப்பவர் கையை விட்டால், கவட்டையில் வைத்த கல் மாதிரி கிளம்பும்.

நிபந்தனை ஒன்றுதான்: தவணைக்குள் பத்து மெம்பர் சேர வேண்டும். ஒரு தடவையாவது பலகையில் உட்கார்ந்து தரையை விட்டுக் கிளம்பினவன்தான் மெம்பர். சேராவிட்டால் லாரி திரும்ப வந்து கிளைடரை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்படி எழுதிய கடிதம் சத்தியநேசனின் சட்டைப்பையில் இருந்தது. பேசும்போதெல்லாம் அதைத் தொட்டுக்கொள்வார்.

கடைசி வாரம் வந்தபோது மொத்த மெம்பர்: சத்தியநேசன்.

3

"சாரே," என்றான் ரசலையன், "பறக்க வான்னா எவன் வருவான்? இழுக்க வான்னு எழுதும்."

சத்தியநேசனுக்கு மனசு சுருங்கியது. ஆனாலும் எழுதினார்: 'ஞாயிறு மாலை, கணவாய்ச் சரிவில் வடம் பிடிக்க ஆள் வேண்டும்.'

நாற்பது பேர் வந்தார்கள்.*

(* தேர்வடத்தைத் தொடவிடாத காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். வடம் என்றால் கை தானாக நீளும். கதைக்குள் வைத்தால் கதை கனத்துப்போகும் என்று இதைத் தனியே வைக்கிறேன்.)

4

ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த சத்தியநேசன் முதலில் ஏறினார். இழுத்தோம். மனுசன் எங்கள் தலைக்கு மேலே சத்தமே இல்லாமல் போய் வயலோரம் இறங்கினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "அடுத்து யாரு?" என்று கேட்டார். சின்னப்பிள்ளை மாதிரி முகம்.

எல்லாருக்கும் திடீரென்று வேலை ஞாபகம் வந்தது.

"எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும் சாரே."

"நான் நாளைக்குப் பெண்ணு பாக்கப் போணும். காலு வேணும்லா?"

நாற்பதில் ஏழு பேர் மிச்சம். நாங்களும் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம், பலகையைப் பார்க்கவில்லை. சத்தியநேசன் கடிதத்தைத் தொட்டார். பிறகு சிறகைத் தொட்டார். நோயாளியைத் தொடுகிற மாதிரி.

அப்போதுதான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த, எங்கள் மடையில் கல் சுமக்கிற பூங்கனி சும்மாட்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் இருக்கேன்."

"ஏட்டி, பயமில்லியா?" என்றான் ரசலையன்.

"பத்து வயசுலேருந்து செமக்கேன். இண்ணைக்கு ஏழு ஆம்பிளையோ சேந்து எனக்க பாரத்த இழுக்கேன்னு நிக்கானுவ. விடுவேனா?"

அவள் ஏறி இறங்கிவிட்டால் நாங்கள் யாரும் ஏறாமல் ஊருக்குள் போக முடியாது. அது சத்தியநேசனுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

5

பூங்கனி மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு எடுப்பாகப் பேசினாளா? போன வாரம் அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"இப்படியா பேசினேன்? நல்லாத்தான் இருக்கு, வச்சுக்கிடும் அண்ணே."

முடிவு ஒன்று: பூங்கனி மருத்துவாழ்மலைக்கு மேலே கழுகு போல... (பொய். முதல் தடவை ஆள் உயரம்கூடப் போகாது என்று சார் சொல்லித்தான் ஏற்றினார்.)

முடிவு ரெண்டு: சிறகு ஒடிய, லாரி வர... (எழுதக் கை வரவில்லை. மடையில் எங்கள் எலும்பு ஒடிந்தது போதும்.)

"நடந்தத எழுதட்டுமா?" என்று அவளிடமே கேட்டேன்.

"எதுக்கு? இருந்த எடத்துல இருந்து வாசிக்கவனுக்கு அதச் சொல்லக்கூடாது. வந்து இழுக்கட்டும்."

6

ஆகையால் இப்படி விட்டுவிடுகிறேன். பூங்கனி பலகையில் இருக்கிறாள், சேலையை இறுக்கிச் செருகியிருக்கிறாள். சத்தியநேசன் வாலைப் பிடித்திருக்கிறார். வலப்பக்கக் கயிற்றில் நாலு பேர். இடப்பக்கம் நான், ரசலையன், இன்னொருத்தன், மூன்றே பேர். இப்படி இழுத்தால் கோணிக்கொண்டு போகும்.

எண்ணிப் பாருங்கள். சார், பூங்கனி, நாங்கள் ஏழு பேர். ஒன்பது. பத்து மெம்பருக்கு ஒரு ஆள் குறைகிறது.

எனக்குப் பின்னால் கயிற்றின் நுனி தரையில் கிடக்கிறது. எழும்புங்கள், கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். பலகையில் ஏற உங்கள் முறை பிறகு வரும். இப்போது சார், "ஓடு!" என்று சொல்லப்போகிறார்.