ராஜா சாகப் பத்து நிமிஷம்

எங்கள் ஊர்க் கலைவிழாவை நேரில் நூறு பேர் பார்த்தால் அதிகம். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் போனில் பார்க்கட்டும் என்று இரண்டு வருஷமாக நேரலை விடுகிறோம். "இதனாலதான் ஊர் இன்னும் ஊரா இருக்கு" என்று விழாச் செயலாளரான தபால்காரர் மைக்கைப் பிடித்தாலே ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு அவ்வளவு பெரிய நோக்கமெல்லாம் கிடையாது. என் மகள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. "வர்றேன்பா, வர்றேன்பா" என்பாள், வரமாட்டாள். தையல் மெஷினில் குனிந்தே கிடந்த அப்பனை விழா நாடகத்தில் ராஜாவாகப் பார்த்தால் மனசு இளகாதா? வேஷம் போடுவதைப் பற்றி மூச்சு விடவில்லை. "சாயங்காலம் நேரலையைப் பாரும்மா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நேரலைக்குப் பொறுப்பு என் மச்சான், எலெக்ட்ரீசியன். மேடைக்கு எதிரே கம்பி நட்டு அதில் போனைக் கட்டினான்.

"திரையை எங்க பக்கம் திருப்பு மாப்ளே. எத்தனை பேர் பாக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தானே நடிக்க வேகம் வரும்" என்றேன்.

"திருப்பிட்டேன் மாமா. பின்பக்கக் கேமராவையே போட்டிருக்கேன், அதுலதான் படம் பளிச்சுனு இருக்கும்."

இருவருக்கும் பரம திருப்தி.

ராஜா மூக்குக்கண்ணாடி போட முடியுமா? கழற்றிவிட்டதால் எனக்குத் திரை கலங்கலாகத்தான் தெரிந்தது. மந்திரி வேஷத்தில் இருந்த தபால்காரர், நான் கேட்டுக்கொண்டபடி, குனிந்து வணங்கும் சாக்கில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார். நாற்பது. நூற்றுப்பத்து. நான் சாகும் கட்டத்தில் முந்நூறு!

முந்நூறு பேரை விட்டுவிட்டு யாருக்குச் சாக மனசு வரும்? எழுதிக் கொடுத்த வசனம் தீர்ந்ததும் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டேன். "ஐயோ, நெஞ்சை அடைக்குதே! மூச்சு முட்டுதே! இனி பிழைக்கமாட்டேனே!" பத்து நிமிஷம். கூட்டத்தில் ஆளாளுக்குப் போன் அடித்தது. கலை ரசனை கெட்ட ஜனங்கள் என்று சபித்துக்கொண்டே செத்தேன்.

திரை விழுந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நேரலையில் மேடையே வரவில்லை. திரை எங்கள் பக்கம் இருந்ததால், பின்பக்கக் கேமரா பார்க்க வந்த கூட்டத்தைத்தான் முழுக்க முழுக்கக் காட்டியிருக்கிறது. "அத்தை ஏன் இப்படி இளைச்சுட்டாங்க?" "அண்ணன் தலையில முடி எங்கே?" என்று வெளியூர்ப் பிள்ளைகள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அடித்த போனெல்லாம் அவர்களுடையதுதான்.

"திரையிலே கூட்டம் தெரிஞ்சிருக்குமே, சொல்லக்கூடாதா?" என்று தபால்காரர் மேல் பாய்ந்தேன்.

"எண்ணிக்கையைப் பாக்கச் சொன்னே, எண்ணிக்கையைப் பாத்தேன்" என்றார் அவர்.

மூன்று மாத ஒத்திகை வீண். கிரீடத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்து போனை எடுத்தால், மகளிடமிருந்து பதினேழு அழைப்புகள். கூப்பிட்டேன்.

"அப்பா! எங்கப்பா இருக்கீங்க? ஒவ்வொரு நாற்காலியா தேடினேன், நீங்க மட்டும் இல்ல. எங்கிருந்தோ உங்க குரல், நெஞ்சை அடைக்குது, பிழைக்கமாட்டேன்னு... அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. போனும் எடுக்கல."

நான் சாகிற அழகைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து என் மனைவிக்கு வந்த கண்ணீர் அது. நாடகம் முடியும்வரை போனை அணைத்து வைக்கும்படி அவளிடம் சொன்னவனும் நான்தான்.

"டிக்கெட் போட்டுட்டேன்பா. சனிக்கிழமை வந்துடுவேன். இப்ப எப்படிப்பா இருக்கு?"

நாடகம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாலு வருஷம்! லேசாக இருமினேன்.

"சனிக்கிழமை வரைக்கும் தாங்கும்மா."